எட்டு வீட்டு மிஸ்டு கால்

சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வீட்டில் விருந்தாளி யாராவது அப்படிச் செய்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் அப்படிப்பட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவதுதான் பல வருஷமாக என் வேலை. குழம்பும் சோற்றுப் பருக்கையும் எச்சிலும் மிதக்கும் அந்தத் தண்ணீர், படி இறங்கும்போது விளிம்பில் தளும்பி என் சட்டையில் படும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் துவைத்தாலும் அந்த வாடை போகவில்லை என்றே தோன்றும். என் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்பாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பிறகு கம்ப்யூட்டர் துறைக்கு அட்டெண்டர் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறை கோயில் மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்பார்கள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றச் சொல்வது என் வேலை. நாலு பேரிடம் வாய் திறந்து பேச வேண்டும் என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அதனால் ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன். மாணவர்கள் அதைப் படித்துவிட்டுக் கழற்றினார்கள். பேராசிரியர்கள் ஷூவோடு போனார்கள். மழை நாளில் செம்மண் அப்பிய ஷூத் தடம் ஏசி அறையின் நடுவரை வரிசையாகக் கிடக்கும். அதைத் துடைக்கும்போது, எது பட்டம் வாங்கிய கால் என்று தூசிக்கும் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, அந்தத் துறையில் இளைஞர்களுக்கான புத்தாக்க மையம் ஒன்று வந்தது. பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, சுவருக்கு ஆரஞ்சு வர்ணம் அடித்தார்கள். மாணவர்கள் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். பேராசிரியர்கள் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். துறைத் தலைவர் முதல் வழிகாட்டி. அவருக்கு அடுத்து ஒரு இளைய பேராசிரியர். தலைவர் சிரித்தால் இவர் சிரிப்பார், தலைவர் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார். மையத்தின் சாவியும், வந்து போகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதும் பெரிய நோட்டும் என் பொறுப்பில் இருந்தன. பெயரை அவர்களே எழுதுவார்கள். வந்த நேரம், போன நேரம் மட்டும் என் கையெழுத்து.

வழிகாட்டுவது என்றால் என்ன என்று அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். மாணவன் பைண்டு பண்ணிய புத்தகத்தோடு முக்கால் மணி நேரம் வெளியே நிற்பான். உள்ளே தலைவர் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார். கூப்பிட்டதும் மாணவன் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவான். அதில் 'என் வழிகாட்டுதலின் கீழ் செய்யப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்து விழும். இரண்டாவது பக்கம் புரட்டி நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் மதுரையில் ஒரு கடையில் நூலகத்துக்கான கம்ப்யூட்டர் புரோகிராமை அட்டையோடு வாங்கிவந்து கொடுப்பார்கள். வருஷா வருஷம் அதே நூலகம்தான். அட்டை நிறம் மட்டும் மாறும். பழைய புத்தகங்களைக் கட்டிப் பரணில் அடுக்குகிறவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் அந்தப் பெண் வந்தாள். எம்.சி.ஏ. கடைசி வருஷம். ஊர் குஜிலியம்பாறையைத் தாண்டி ஒரு கிராமம். பள்ளிப் பிள்ளைகள் சோறு கொண்டுபோகும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய நோக்கியா போன், முதுகு கழற்றியது. பட்டன்களிலிருந்து மெல்லிய ஒயர்கள் ஓடின.

"இது என்னம்மா?" என்று கேட்டேன். அவள் வயதுப் பிள்ளைகளிடம் எனக்கு அவ்வளவு கூச்சம் இல்லை.

"கரண்ட் வந்தா எங்க அப்பாவுக்கு மிஸ்டு கால் குடுக்கும்ணே" என்றாள்.

விளங்காமல் நின்றேன். அவளே சொன்னாள். கிணற்று மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது நாளில் சில மணி நேரம்தான் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பல்பு எரிவதை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் ஒரு பேஸ் இருந்தாலே பல்பு எரியும். மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டரைப் பார்த்தால்தான் தெரியும். அவர்கள் கிணறு வீட்டிலிருந்து ஒன்றரை மைல், நடுவில் ஒரு ஓடை. அவள் அப்பாவுக்கு வலது காலில் முறிவுக்காகக் கம்பி வைத்திருந்தது. அந்தக் காலோடு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கரண்ட் இல்லாத நடைதான் அதிகம்.

அதனால் இந்த டப்பா. மூன்று பேஸும் சேர்ந்து வந்தால் உள்ளே ரிலே என்கிற ஒரு சின்ன சுவிட்ச் இழுத்து, போனில் இரண்டாம் நம்பர் பட்டனை அழுத்தும். அழுத்திப் பிடித்தால் அந்தப் பட்டனுக்குச் சேர்த்து வைத்த நம்பருக்குக் கால் போகும். இரண்டு தடவை அடித்ததும் கட். பிறகு மூன்றாம் பட்டன், நாலாம் பட்டன், ஒன்பது வரை. மொத்தம் எட்டுப் பட்டன், எட்டு வீடு. யாரும் எடுக்க வேண்டாம், யாருக்கும் செலவில்லை. அடித்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பதாவது வீட்டுக்காரர் தனக்கும் வேண்டும் என்று அவள் அப்பாவிடம் சண்டைக்கே வந்தாராம்.

எனக்கு மாமனார் வீடு தாடிக்கொம்புப் பக்கம். தோட்டம் உண்டு. மோட்டாரைப் பார்க்கப் போய்த் திரும்புகிற அலுப்பு எனக்குத் தெரியும். அந்த டப்பாவைப் பார்த்தபோது, அந்த அறைக்கு வந்த முதல் நிஜமான பொருள் இதுதான் என்று பட்டது.

தலைவர் டப்பாவைத் தொடவில்லை. பேனா முனையால் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். "இதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கம்மா இருக்கு? இது எலக்ட்ரீசியன் வேலைல்ல?" என்றார். இளையவர் சிரித்தார். பிறகு தலைவர் வழிகாட்டத் தொடங்கினார். டப்பா நேராக வீடுகளுக்கு அடிக்கக் கூடாது. மையத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் எல்லா வீடுகளுக்கும் அடிக்கும். அப்படிச் செய்தால் எட்டு என்ன, எண்பது வீடு சேர்க்கலாம், மாவட்டம் பூராவும் கொண்டுபோகலாம். சுவரில் தெர்மகோலில் மாவட்டப் படம் வைத்து, ஊருக்கு ஒரு பல்பு போட்டு, கரண்ட் வந்த ஊரில் பச்சை எரிய வேண்டும்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நடுவில் இன்னொரு மிஷின் எதற்கு சார், அது நின்றால் எல்லாம் நிற்குமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்படியென்றால் இதை நான் ப்ராஜெக்டாக ஏற்க முடியாது என்றார் தலைவர். கடைசி வருஷப் பெண் அதற்கு மேல் என்ன பேசுவாள்? ஒரு மாதத்தில் படம் சுவரில் ஏறியது. புரோகிராமைத் தலைவரிடம் ஆராய்ச்சி செய்கிற ஒருவர் எழுதினார். படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு பட்டன் வைத்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, அழுத்தினால் பல்பு மட்டும் எரியும் என்று அவளிடம் சொன்னார்கள். குஜிலியம்பாறை, தொப்பம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று பதினாலு பல்பு. டப்பா இருந்தது ஒரே ஒரு ஊரில். மீதி பதிமூன்றும் சும்மா.

பட்டன் வந்த நாளிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வேறு துறைப் பேராசிரியர்கள், வேறு கல்லூரி முதல்வர்கள், பத்திரிகைக்காரர்கள், தலைவரின் மைத்துனர். வந்ததும் நோட்டில் எழுதச் சொல்வேன். தலைவர் அவர்களைப் படத்துக்கு முன்னால் நிறுத்திப் பட்டனை அழுத்தச் சொல்வார். பச்சை எரியும். மேஜை மேல் இருக்கும் மையத்துப் போனும் மணி அடிக்கும். "இப்ப எங்க விவசாயிங்க எல்லாருக்கும் போயிருச்சு" என்பார். பிறகு சமோசா, கேக், டீ. அவர்கள் போனபின் பாதி கடித்த சமோசாவையும், கேக்கில் குத்தி வைத்த சிகரெட் துண்டையும் நான் பொறுக்குவேன்.

எல்லாருக்கும் போயிருச்சு என்பதை நான் நம்பவில்லை. அவர் சொல்கிற மற்றதைப் போல இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மதியம், ஒரு கல்லூரி முதல்வர் பட்டனை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் அறையில் இருந்தேன். மேஜைப் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு அம்மாவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்பு, கரண்ட்டு வந்துருச்சுன்னு ஒங்க ஆபீசுலருந்துதான அடிச்சிங்க. இங்க வந்து பாத்தா ஒண்ணுமில்லையே. வெயில்ல ஓடியாந்தேன்."

பட்டனைப் பார்த்தேன். அது நிஜமாகவே அந்த எட்டு வீடுகளுக்கும் அடிக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் யார் சொன்னது என்று வரும். "ராங் நம்பருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. அன்றைக்குத் தட்டுத் தண்ணீரைக் கொட்டப் போனபோது அது எனக்கு அவ்வளவு அருவருப்பாக இல்லை. அதைவிட அருவருப்பானதை அப்போதுதான் செய்துவிட்டு வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் முகம் வாடத் தொடங்கியது. டப்பா பொய்யாக அடிக்கிறது என்று ஊரிலிருந்து அவளுக்குச் சேதி வந்தது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், மோட்டார் ரூமில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயராகப் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தாள். ரிலேயை மாற்றினாள். பல்லி உள்ளே புகுந்து அழுத்துகிறதோ என்று டப்பாவின் ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தாள். திங்கட்கிழமை மையத்துக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் சுட்டுக் கொப்புளித்திருக்கும். ஊரில் அவளைப் பார்த்தாலே கேலி என்று என்னிடம் சொன்னாள். டீக்கடையில் அவள் அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, ஒம்மக பெத்த பெட்டி இன்னைக்கு எத்தனை பொய் சொல்லுச்சு?" என்று கேட்கிறார்களாம். நாலு வீட்டார் மிஸ்டு கால் வந்தால் இப்போது எழுந்திருப்பதே இல்லை. அவள் அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் போகிறார். மகள் செய்தது பொய் சொல்லாது என்று ஊருக்குக் காட்ட வேண்டும் அவருக்கு.

தலைவரிடம் போய்க் கேட்டாள். அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "லூஸ் காண்டாக்ட் இருக்கும்மா. ஹார்டுவேர்ல உனக்கு அனுபவம் பத்தாது. நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்ல." இளையவரும் லூஸ் காண்டாக்ட்தான் என்றார். அவர்கள் தெரிந்தே சொன்னார்களா, பட்டன் உண்மையிலேயே அந்த வீடுகளுக்குப் போகிறது என்பதை மறந்துபோய்ச் சொன்னார்களா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. மறந்திருந்தார்கள் என்றால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

நான் அருகில் நின்று கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். அவள் வெளியே வரும்போது, "டப்பா நல்லாத்தாம்மா இருக்கும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து, சிரிக்கப் பார்த்துவிட்டுப் போனாள். ஆறு வாரம் அப்படியே போனது. ஆறு வாரத்தில் ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்காமல் இல்லை.

பிறகு பெரிய நாள் வந்தது. மையத்துக்குத் தொடர்ந்து உதவி தரலாமா என்று பார்க்க வடக்கிலிருந்து ஒரு குழு. அதற்குத் தலைமை வகித்த வடக்கத்திக்காரருக்குத் தமிழ் தெரியாது. பயன்பெற்ற விவசாயி ஒருவரை மேடையில் பேசவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். அந்தப் பெண்ணின் அப்பாவையே வரச் சொல்லிவிட்டார்கள்.

காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் வீட்டுப் போன். கையில் ஒரு மஞ்சள் பை. மையத்து வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம்ங்க, இப்போது அந்த வழக்கம் இல்லை என்றேன். "இருக்கட்டும் தம்பி, படிக்கிற எடம்" என்று சொல்லி, கம்பி வைத்த காலை இழுத்து உள்ளே வைத்தார். பையிலிருந்து தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களை எடுத்தார். ஒரு கட்டு, ரப்பர் பேண்டு போட்டது. கரண்ட் இல்லாமல் மிஸ்டு கால் வந்த நாளின் தாளை மட்டும் எடுத்துவைத்து, பின்பக்கம் நேரத்தைப் பென்சிலில் எழுதியிருந்தார்.

"இதைப் பெரியய்யாகிட்ட காட்டணும். எந்நேரம் பொய்யா அடிக்குதுன்னு தெரிஞ்சா, எங்க கோளாறுன்னு படிச்சவுகளுக்குப் பிடிபட்டுரும்ல?" என்று என்னிடம் கேட்டார்.

தலைவர் மாலை, மேடை, ஏசி என்று ஓடிக்கொண்டிருந்தார். இவர் இரண்டு தடவை எழுந்து கும்பிட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். தாள் கட்டு திரும்பப் பைக்குள் போனது.

விழாவில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. இளையவர் வந்து வாய்க்கு நேராக வைத்தார்.

"எல்லாருக்கும் கும்புடுறேன்" என்றார். "பெட்டி நல்ல பெட்டிதான். எம்மக செஞ்சது. ஆனா கொஞ்ச நாளா இல்லாத கரண்ட்டை இருக்குன்னு சொல்லுது. முந்தாநாள் ஒரே பகல்ல மூணு வாட்டி நடந்தேன். இந்தக் காலு ஓடையில எறங்கி ஏற மாட்டேங்குது. நீங்க பெரியவுக, அது என்னன்னு பாத்துக் குடுத்திங்கன்னா புண்ணியமாப் போகும்."

தலைவர் பக்கத்து மைக்கில் அதை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவ்வளவு வருஷம் அந்த இடத்தில் டீ கொடுத்தவனுக்கு 'ஹேப்பி', 'த்ரீ டைம்ஸ்', 'டாட்டர்' தெரியும். நாளைக்கு மூன்று தடவை கால் வருகிறது, மகளால் சந்தோஷமாக இருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வடக்கத்திக்காரர் முகம் மலர்ந்து கை தட்டினார். சபை தட்டியது. தமிழ் தெரிந்தவர்களும் தட்டினார்கள். முந்நூறு பேருக்கு அவர் சொன்னது காதில் விழுந்திருக்கும். அவரும் கும்பிட்டார், தன் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து.

அடுத்து வடக்கத்திக்காரரை மேடையில் கொண்டுவந்து வைத்திருந்த மாவட்டப் படத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் சிவப்பு பட்டனை அழுத்தினார். பச்சை எரிந்தது. அதே நேரம் அந்தப் பெரியவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு தடவை அடித்து நின்றது.

சபை ஆரவாரம் செய்தது. பெரியவர் போனை எடுத்துப் பார்த்தார். பட்டன் மேல் இருந்த விரலைப் பார்த்தார். பிறகு கீழே ஓரமாக நின்ற மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஊரில் மீதி ஏழு வீட்டிலும் போன் அடித்திருக்கும். எழுந்திருக்கிறவர்கள் எழுந்து நடந்திருப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் மையத்துக்கு வந்தார்கள். பெரியவர் நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, இது இன்னைக்கு மட்டுமா, இல்ல எப்பவுமேவா?"

நோட்டை எடுத்து அவள் முன்னால் திறந்து வைத்தேன். பெரியவர் ரப்பர் பேண்டை உருவித் தாள்களை மேஜையில் பரப்பினார். அவள் ஒரு தாளை எடுப்பாள், நோட்டில் அந்த நாளைத் தேடுவாள். வேறு கல்லூரி முதல்வர், என் கையெழுத்தில் பதினொன்றே கால். தாளின் பின்னால் பென்சிலில் பதினொன்றரை. தலைவரின் மைத்துனர், மூன்று மணி. தாளில் மூன்றேகால். ஏழெட்டுத் தாள் பார்த்தபின் நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

"எம்புட்டு நாளா?"

அந்த அம்மா போன் செய்ததையும் நான் ராங் நம்பர் என்று வைத்ததையும் சொன்னேன். சொல்லும்போது பெரியவர் நிமிர்ந்து, "அது எம்பொண்டாட்டிதான். அன்னைக்கு எனக்குக் காச்சல், அவ போனா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சேர்ப்பது போலச் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பெண் தன் கொப்புள விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "நான் பல்லியின்னு நெனச்சேன்" என்றாள்.

தலைவர் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். குழு திருப்தியாகப் போய்விட்டது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. பட்டனை அழுத்தினால் எங்கள் ஊர் நம்பர்களுக்குப் போகாதபடி எடுத்துவிடுங்கள் சார் என்றாள் அவள். டெமோவுக்கு வேண்டுமென்றால் மேஜைப் போன் மட்டும் அடிக்கட்டும் என்றாள். குரல் உடையாமல்தான் கேட்டாள்.

"லைவ்வா இருந்தாத்தாம்மா எஃபெக்ட். இப்பக் கூட உங்கப்பா பாக்கெட்ல அடிச்சதுக்குத்தான் அவ்வளவு கிளாப்ஸ்" என்றார் தலைவர். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "என்ன பெரியவரே, நடந்தா சுகர் வராதுல்ல?" என்றார். இளையவர் சிரித்தார்.

பெரியவரும் சிரித்தார். பெரிய மனிதர் வேடிக்கையாகப் பேசினால் சிரிக்க வேண்டும் என்கிற பழக்கத்தில் வந்த சிரிப்பு. அதைப் பார்த்தபோது எனக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அதுபோல. தலைவர் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அங்கே கிடந்த விருந்துத் தட்டில் கை கழுவிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எடுக்கவில்லை. "யோவ்" என்றார். அப்போதும் எடுக்கவில்லை. அதற்குப் பெயர் தைரியம் இல்லை; கை வரவில்லை, அவ்வளவுதான். அவர் போனபிறகு எடுத்துக் கொட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் படத்துக்குப் பின்னால் இருந்து வீடுகளுக்குக் கால் அனுப்பிய மோடத்தையும் அதில் போட்டிருந்த தன் சிம் கார்டையும் கழற்றினாள். மோடத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, சிம்மைத் துண்டு நுனியில் முடிந்துகொண்டாள். தலைவரிடம், என் பெட்டியில் கோளாறு சார், எனக்கு ஹார்டுவேர் வராது, வேறு ப்ராஜெக்ட் செய்துகொள்கிறேன் என்று அவர் வார்த்தையையே திருப்பிச் சொன்னாள். அவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். குழு பார்த்துவிட்டுப் போய்விட்டது, இனி அவருக்கு அது எதற்கு?

இரண்டு வாரம் கழித்து அவள் பைண்டு பண்ணிய புத்தகத்தோடு வந்து முக்கால் மணி நேரம் நின்றாள். நூலகத்துக்கான கம்ப்யூட்டர் புரோகிராம். அந்த வருஷம் அட்டை நீலம். தலைவர் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நல்ல மார்க்கும் போட்டார். வெளியே வந்தவள் அதை என் மேஜையில் போட்டுவிட்டு, நேரே பரணில் அடுக்கிருங்கண்ணே என்றாள்.

டப்பாவைப் பழையபடி நேராக வீடுகளுக்கு அடிக்கும்படி மாற்றிவிட்டதாகச் சொன்னாள். ஊரில் ஐந்து வீடு திரும்பச் சேர்ந்தது. மூன்று வீட்டார், எங்களுக்கு வேண்டாம் தாயி, நடந்தே பாத்துக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்பதாவது வீட்டுக்காரரும் இப்போது வேண்டாம் என்றார். அவள் என் போன் நம்பரைக் கேட்டாள். அப்போதுதான் ஒரு போன் வாங்கியிருந்தேன். எதற்கென்று கேட்காமல் சொன்னேன். காலியாக இருந்த பட்டன் ஒன்றில் என் நம்பரைப் போட்டுக்கொண்டாள். என் மேல் மனசு ஆறிப் போட்டாளா, ஆறாமல் போட்டாளா, தெரியாது.

மாவட்டப் படம் திரும்ப மையத்துச் சுவருக்கு வந்தது. அந்த விழாப் போட்டோவைச் சட்டம் போட்டு அதன் பக்கத்தில் மாட்டினார்கள். அதில் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார். கீழே முதல் வழிகாட்டியின் பெயர் பெரிய எழுத்தில். விருந்தாளி வந்தால் தலைவர் இப்போதும் பட்டனை அழுத்தச் சொல்கிறார். பச்சை எரிகிறது. எல்லா விவசாயிகளுக்கும் போயிருச்சு என்கிறார். எங்கேயும் யாரும் எழுந்திருப்பதில்லை.

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். சில நாள் அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் போன் அடிக்கும். இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். கையில் எச்சில் தண்ணீரோடு செத்த நேரம் அப்படியே நிற்பேன். பெரியவர் இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் கிளம்பியிருப்பார். இன்று போனால் மோட்டார் ஓடும்.

"யாருய்யா அது, நடுவுல?" என்று தலைவர் கேட்பார்.

"ராங் நம்பர் சார்" என்பேன்.